தலை ராவிய திருகாணி

இந்தக் காலத்து ஜனங்களுக்குப் பூட்டும் தெரியாது, திருடனும் தெரியாது என்பது பூட்டுக்காரரின் தீராத வயிற்றெரிச்சல். பூட்டு வாங்க வருகிறவன் அதைக் கையில் தூக்கிக் கனம் பார்ப்பதில்லை. காதருகே வைத்துச் சாவியைத் திருப்பிக் கேட்பதில்லை. போனில் படத்தைக் காட்டி, "இதே மாதிரி கறுப்புல இருக்கா?" என்கிறான். கதவுக்குச் சட்டை எடுக்க வந்தவன் மாதிரி. வாசலுக்கு மூன்று பூட்டுப் போடுகிறான், மாடியில் கேமரா மாட்டுகிறான், பெற்ற பிள்ளையை மட்டும் ஊர் பேர் விசாரிக்காமல் எவர் வீட்டு வாசலிலும் இறக்கிவிட்டுப் போகிறான்.

இதை அவர் சொல்லத் தொடங்கினால் பக்கத்துக் கடை சலூன்காரர் கத்தியைத் தீட்டிக்கொண்டே சிரிப்பார். "அண்ணே, நீங்க கண்ணாடியில உங்களப் பாத்தாலே யாருடா நீன்னு கேக்குற ஆளு. உங்களுக்கு எவன சரின்னு தோணும்?"

"எவனையும் சரின்னு நெனைக்காததாலதான் இத்தன வருஷமா கடை ஓடுது" என்பார் பூட்டுக்காரர்.

கடை என்பது பெரிய வார்த்தை. சலூன் சுவருக்கும் அதையடுத்த கிடங்குச் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் உட்காரும் இடைவெளி. மேலே தகரம். ஆணிகளில் கொத்துக் கொத்தாக வெட்டாத சாவிகள். காற்று அசையாத மதியத்திலும் அவை சில சமயம் கிணுகிணுக்கும். பஸ் போனால் தரை அதிர்கிறது, அதனால்தான். காரணம் தெரிந்தும் அவர் ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து பார்ப்பார்.

படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். ஆனால் அவர் பொருத்திய பூட்டை ஊரில் எங்கே திருப்பினாலும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். அதற்கு இரண்டு சத்தம். முதலில் கட்டையாக ஒன்று. ஒரு மூச்சு விடும் நேரம். பிறகு மெலிதாக இன்னொன்று. இரண்டாவது கேட்டால்தான் பூட்டு விழுந்தது என்று அர்த்தம். இன்னொரு பழக்கமும் உண்டு. பூட்டைக் கதவில் வைத்து முடுக்கியதும் சின்ன அரத்தை எடுத்து ஒவ்வொரு திருகாணியின் தலையையும் ராவிவிடுவார். திருப்புளி உட்காரும் பிளவு மறைந்து, தலை மழுமழுவென்று ஆகிவிடும்.

"இனி இத எவனாலயும் கழட்ட முடியாது. நானே வந்தாலும் கதவ வெட்டித்தான் எடுக்கணும்" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் பையைத் தூக்குவார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் கொஞ்சம் சிரிப்பு வரும்.

அப்படிப்பட்டவர் வீட்டில்தான் தாழ்ப்பாள்கள் காணாமல் போகத் தொடங்கின.

வீட்டில் மூன்று பேர். அவர், ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் மகள், அவளுடைய பையன். மருமகன் கப்பலில். வருஷத்துக்கு ஒரு தடவை வந்து, எல்லோரையும் விருந்தாளி மாதிரி பார்த்துவிட்டுப் போவான். பையனுக்குப் பதின்மூன்று வயது. எட்டாம் வகுப்பு.

முதலில் குளியலறைத் தாழ்ப்பாள். மதியம் கண்ணயர்ந்து எழுந்து பார்த்தார். கதவில் நான்கு ஓட்டைகள். கீழே தரையில் நான்கு திருகாணிகளும் வரிசையாக நிற்க வைக்கப்பட்டிருந்தன. தாழ்ப்பாள் அவற்றின் பக்கத்தில், தூங்குகிற பிள்ளையைக் கிடத்தியது போல ஒருக்களித்துக் கிடந்தது. திரும்ப முடுக்கினார். இரண்டு நாளில் சமையலறைப் பின்கதவில் போனது. அதற்கடுத்து மகள் படுக்கும் அறையில். ஒரு பொருளும் திருடு போகவில்லை.

"பூட்டுக்காரர் வீட்டுலயே தாழ்ப்பா இல்லன்னா ஊரு சிரிக்காதாப்பா?" என்றாள் மகள்.

"நோட்டம் பாக்குறான். திருட்டுப்பய."

"எந்தத் திருட்டுப்பய ஸ்க்ரூவ வரிசையா அடுக்கி வெச்சிட்டுப் போவான்?"

"மரியாத தெரிஞ்ச திருட்டுப்பய."

மகள் சிரித்தாள். பையன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

தாழ்ப்பாள் இல்லாத கதவுகள் மதிய வெயிலில் சும்மா இருப்பதில்லை. ஒரு விரல்கடை திறக்கும். நிற்கும். மெதுவாக மூடும். மறுபடி திறக்கும். எந்தப் பக்கமிருந்து காற்று வருகிறது என்று அவர் நாக்கில் விரலைத் தொட்டு உயர்த்திப் பார்த்தார். காற்று வரவில்லை. வீடு படுத்துக்கொண்டு மூச்சு விடுவது போல இருந்தது.

அவர் பால் ஊற்றுகிறவனைச் சந்தேகப்பட்டார். மாடிவீட்டு மாமாவைச் சந்தேகப்பட்டார். ஒரு நாள் சலூன்காரரின் கைவிரல்களைக்கூட உற்றுப் பார்த்தார். பேரனைப் பார்க்கவில்லை. பையன் கடைப்பக்கம் வருவதை நிறுத்தி மாதக்கணக்காகிவிட்டது என்பதும், எங்கே உட்கார்ந்தாலும் கதவைப் பார்த்தே உட்காருகிறான் என்பதும், பக்கத்து வீட்டில் யாராவது சாவியைத் திருப்பினால் கையில் எடுத்த கவளத்தோடு அப்படியே நின்றுவிடுகிறான் என்பதும் அவர் கண்ணில் பட்டிருந்தன. வயசு அப்படி என்று விட்டுவிட்டார்.

அன்று பள்ளிக்கூடம் அரைநாள். மகள் வேலைக்குப் போயிருந்தாள். பூட்டுக்காரர் தன் அறையில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து, தூங்குகிறவர் போல மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். வெயில் ஜன்னல் கம்பிகளைத் தரையில் நீட்டியிருந்தது. கொஞ்ச நேரத்தில் அவருக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். மரத்திலிருந்து இரும்பு சுழன்று வரும் சத்தம். அவசரம் இல்லாத கை.

கண்ணைத் திறந்து திரும்பினார். பேரன் அவருடைய அறைக்கதவின் முன் குந்தியிருந்தான். கையில் அவருடைய மிகச்சிறிய திருப்புளி. ஒரு திருகாணி வெளியே வந்தது. அதைக் காதருகே கொண்டுபோய் ஏதோ கேட்பது போல ஒரு கணம் வைத்திருந்துவிட்டுத் தரையில் நிறுத்தினான்.

"என்னடா பண்ற?"

பையன் திடுக்கிடவில்லை. திரும்பவும் இல்லை. "இது கழலுது தாத்தா."

"கழலத்தான் செய்யும். எதுக்குக் கழட்டுற?"

"கழலுதான்னு பாக்குறேன்."

"வீட்டுல இருக்கிற எல்லாத்தையுமா?"

"எல்லாம் கழலுது." அடுத்த திருகாணியில் திருப்புளியை வைத்தான். "டீச்சர் வீட்டுலதான் கழலல."

"எந்த டீச்சர்? டியூஷன் டீச்சரா? அங்க போயி எதுக்குடா கழட்டுன?"

"மாடி ரூம்ல. நீங்க போட்டது."

பூட்டுக்காரருக்கு ஞாபகம் வந்தது. போன வருஷம். டியூஷன் டீச்சர் கடைக்கே வந்திருந்தாள். தெருவில் பாதிப் பிள்ளைகளுக்கு அவள்தான் கணக்கு. பெரியவர்களைக் கண்டால் குடையைச் சாய்த்து நின்று பேசுவாள். 'பரீட்சை வெச்சா பாதியில ஓடிடுதுங்க பெரியவரே. உள்ள இருந்தும் சாவி போடுற மாதிரி ஒரு நல்ல பூட்டு வேணும்' என்றாள். கேட்பவன் ஆணாக இருந்திருந்தால் எதற்கு, ஏன், எந்தப் பரீட்சை என்று குடைந்திருப்பார். கையில் புத்தகம் வைத்திருந்த பொம்பளை. சிரித்துக்கொண்டே போய் மாட்டிக் கொடுத்தார். திருகாணித் தலைகளை வழக்கம்போல ராவினார். கணக்கில் மந்தமான பிள்ளைகளை அந்த மாடி அறையில் தனியாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பாள் என்று மகளும் சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

"அங்க என்னடா?" என்றார். குரல் தானாகவே தணிந்துவிட்டது.

பையன் முதல் தடவையாக அவரைப் பார்த்தான். "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"எனக்கா? எனக்கு என்னடா தெரியும்?"

"நீங்கதானே பூட்டு போட்டீங்க. எதுக்குன்னு கேக்காம யாருக்கும் போட மாட்டேன்னு சொல்வீங்கல்ல. அப்ப கேட்டுட்டுத்தான் போட்டிருப்பீங்கன்னு நெனச்சேன். அம்மாவுக்கும் தெரியும், அதான் தினம் கொண்டுபோய் விடுறாங்கன்னு நெனச்சேன்."

பிறகு சொன்னான். தலையைக் குனிந்து, தரையில் நின்ற திருகாணியோடு பேசுவது போலச் சொன்னான். மழைக்காலம் தொடங்கியதிலிருந்து. மற்ற பிள்ளைகளைக் கீழே வாய்ப்பாடு சொல்ல விட்டுவிட்டு. அவள் மேலே வரும்வரை அவனைத் தனியாக உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு. இரண்டு வாக்கியம் சொல்லி மூன்றாவதில் நிறுத்திவிட்டான். அவன் முடிக்க வேண்டியிருக்கவில்லை. பூட்டுக்காரர் எழுபது வருஷம் இந்த உலகத்தில் இருந்தவர்.

ஆனால் அவர் வாயிலிருந்து முதலில் வந்தது இதுதான்: "ஆம்பளப் பையன்தானடா நீ. தள்ளிட்டு ஓடி வர வேண்டியதுதானே?"

சொன்ன மறுகணமே அதைப் பிடித்து உள்ளே இழுக்கப் பார்த்தார். முடியவில்லை.

பையன் கோபப்படவில்லை. புரியாத பெரியவருக்கு இன்னொரு முறை சொல்வது போலப் பொறுமையாகச் சொன்னான். "அதான் சொன்னேனே தாத்தா. ஸ்க்ரூ கழலல."

மகள் வேலை முடிந்து வந்தபோது அவள் கைகளில் வெளுப்புமருந்து வாடை அடித்தது. அப்பா சொன்னதைக் கேட்டுக்கொண்டே முந்தானையால் அந்தக் கைகளைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடி மறுபடி துடைத்தாள். அழவில்லை.

"டியூஷன் போற அன்னிக்கெல்லாம் வயித்துவலின்னான்ப்பா. கணக்குக்குப் பயந்து நடிக்கிறான்னு நெனச்சேன். வாசல் வரைக்கும் கையப் புடிச்சுக் கொண்டுபோய் விட்டது நான்." எழுந்தாள். "ஸ்டேஷனுக்குப் போலாம்."

"பொறு. மொதல்ல நான் போய்ப் பாத்துட்டு வரேன்."

"என்னத்தப் பாக்கப் போறீங்க? அவன் சொல்றத நம்பலையா?"

நம்பவில்லையா, நம்ப மனசு வரவில்லையா என்று அவருக்கே பிடிபடவில்லை.

மறுநாள் பள்ளி விடும் நேரத்துக்குக் கருவிப்பையைத் தூக்கிக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனார். கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் ஒரே ராகத்தில் பதின்மூன்றாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார்கள்.

"மழைக்குப் பூட்டு இறுகியிருக்கும். எண்ணெய் விட்டுட்டுப் போறேன்" என்றார்.

"வாங்க பெரியவரே. பேரனை ரெண்டு நாளா காணோமே?"

"காய்ச்சல்."

பையைப் படிக்கட்டில் வைத்துவிட்டு எண்ணெய்க் குப்பியை மட்டும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். அவள் பின்னால் வந்தாள். சின்ன அறை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, மூலையில் சுருட்டிய பாய். சுவரில் ஒரு கரும்பலகை. அதில் பாதி போட்ட கணக்கு ஒன்று இருந்தது. சாக்பீஸ் எழுத்து மங்கி, வெகுநாளாக யாரும் தொடாதது தெரிந்தது. ஜன்னலில் கம்பி. கம்பிக்கு வெளியே பக்கத்து வீட்டின் வெறும் சுவர்.

"திருப்பிப் பாத்தாத்தானே தெரியும் இறுகியிருக்கான்னு" என்று அவளே கதவைச் சாத்தினாள். உள்பக்கமிருந்து சாவியைப் போட்டுத் திருப்பினாள்.

கட்டையாக ஒன்று. ஒரு மூச்சு. மெலிதாக இன்னொன்று.

இத்தனை வருஷத்தில் அவர் அந்தச் சத்தத்தை எப்போதும் வெளியே போகிறவராகத்தான் கேட்டிருக்கிறார். இப்படி உள்ளே நின்று, சாவி இன்னொருத்தர் கையில் இருக்கும்போது கேட்டதில்லை. முதல் சத்தத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவே இருந்த அந்த மூச்சளவு நேரம் இவ்வளவு நீளம் என்று அவருக்குத் தெரியாது. கீழே பிள்ளைகளின் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டது.

"நல்லாத்தான் இருக்கு, பாத்தீங்களா?" என்றாள். சாவி அவள் உள்ளங்கைக்குள் போய்விட்டது.

அவர் குனிந்து பூட்டைப் பார்த்தார். நான்கு திருகாணிகள், மழுங்கிய தலைகள். அவற்றைச் சுற்றி மரம் சுரண்டப்பட்டிருந்தது. சில கீறல்கள் பழசாகிக் கறுத்திருந்தன, சில இன்னும் வெள்ளையாக இருந்தன. கீழ்வரிசைத் திருகாணியைச் சுற்றி ஒரு குழியே விழுந்திருந்தது. தரையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையின் கை எட்டும் உயரம். அந்தக் குழியில் ஊசி போல ஏதோ மின்னியது. காம்பஸின் முனை. ஒடிந்து மரத்துக்குள் நின்றுவிட்டது.

"பசங்க சும்மா கிறுக்குங்க" என்றாள் டீச்சர், அவர் எதைப் பார்க்கிறார் என்று கேட்காமலே.

"கதவத் தெறங்கம்மா."

"தெறக்குறேன். என்ன அவசரம்?" அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. குடையைச் சாய்த்து நின்று பேசும் அதே முகம். "உங்க பேரனுக்குக் கற்பனை ஜாஸ்தி பெரியவரே. எதையாவது சொல்வான். வெளிய சொன்னாலும் யாரும் நம்ப மாட்டாங்க. நம்புனாலும் என்ன செய்வாங்க தெரியுமா? சிரிப்பாங்க. உங்க பேரனைப் பாத்துத்தான் சிரிப்பாங்க."

அவர் கை தானாகக் கருவிப்பையைத் தேடியது. பை படிக்கட்டில் இருந்தது. இருந்தாலும் என்ன? தலை ராவிய திருகாணி. அவர் ராவியது.

கீழே வாய்ப்பாடு முடிந்துவிட்டது. கொஞ்சம் அமைதி. பிறகு பதினான்காம் வாய்ப்பாடு தொடங்கியது. அப்போதுதான் அவள் எழுந்து கதவைத் திறந்தாள்.

"பூட்டு நல்ல பூட்டு" என்றாள்.

வெளியே வந்தபோது வெயில் அப்படியேதான் இருந்தது. அவர் நேராக வீட்டுக்குப் போய்ப் பேரனின் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தார். காம்பஸ் இருந்தது. முனை இல்லை. மகளிடம், "செருப்பப் போடு" என்றார்.

இன்ஸ்பெக்டருக்குப் பூட்டுக்காரரை நன்றாகத் தெரியும். இரண்டு மாதத்துக்கு முன் ஸ்கூல் வேன் டிரைவர் ஒருவன் ஒரு சிறுமியிடம் தப்பாக நடந்து பிடிபட்டபோது, அவன் பதுங்கியிருந்த அறைக் கதவை உடைக்க ஜீப் அனுப்பி அழைத்துப் போனது இவரைத்தான். அன்று தெருவே திரண்டு நின்றது. டிரைவரின் வேன் எரிந்தது. இன்ஸ்பெக்டருக்கு அன்று கண் சிவந்திருந்தது. 'குழந்தைங்க மேல கை வெக்கிறவன் மனுசனே இல்ல பெரியவரே' என்று இவர் தோளைப் பிடித்துச் சொன்னார்.

இன்று மகள் சொல்லி முடிக்கும்வரை இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறக்கவில்லை.

"எத்தன வயசு?"

"பதிமூணு சார்."

"ம்... பதிமூணு."

ஓரத்தில் நின்ற ஏட்டு வாயைப் பொத்திக்கொண்டார். பொத்தியும் வந்துவிட்டது. "நாம படிச்சப்ப இப்படி ஒரு டீச்சர் கெடைக்கல சார்."

மகள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். "உங்க பொண்ணுக்கு நடந்திருந்தா இப்படிச் சொல்வீங்களாண்ணே?"

"பொண்ணுன்னா கதையே வேறம்மா."

"அதான் கேக்குறேன். என்ன வேற?"

ஏட்டு தொப்பியைச் சரிசெய்துகொண்டு வெளியே போனார். இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்தார். "சட்டத்துல பையன், பொண்ணு ரெண்டும் ஒண்ணுதான்மா. இல்லன்னு சொல்லல. ஆனா ஊரு இருக்கே. நாளைக்கு அவன் பெரிய ஆளா வளரணும். பேரு கெடலாமா? டீச்சர் அடைச்சு வெச்சுத் திட்டினாங்கன்னு எழுதித் தரேன். கூப்பிட்டுக் கண்டிக்கிறேன். அவங்களுக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு."

"வேன்காரனுக்கும் ரெண்டு பிள்ளைங்க இருந்துச்சு" என்றார் பூட்டுக்காரர்.

"பெரியவரே, அது வேற."

"எல்லாரும் வேற வேறங்கிறீங்க. எதுல வேறன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கிறீங்க."

எழுதி நீட்டிய தாளை மகள் வாசித்தாள். 'டியூஷனில் ஏற்பட்ட மனஸ்தாபம்' என்று இருந்தது. கையெழுத்துப் போட மாட்டேன் என்று மேசையில் வைத்துவிட்டாள். மறுநாள் வேலைக்குப் போகாமல் வந்து ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தாள். அதற்கடுத்த நாளும். பூட்டுக்காரர் பக்கத்தில் உட்காருவார். போவோர் வருவோர் அவர்களைப் பார்ப்பார்கள், பிறகு ஒருவர் காதில் ஒருவர் ஏதோ சொல்லிச் சிரிப்பார்கள். டீச்சர் சொன்னது அப்படியே நடந்துகொண்டிருந்தது. அவள் எங்கோ உட்கார்ந்து, சாவியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, எல்லோரையும் திருப்பிக்கொண்டிருப்பது போல.

மூன்றாம் நாள் காலை கடையைத் திறக்கப் போனபோது சலூனுக்குள் சிரிப்புச் சத்தம். சலூன்காரர் ஒருவருக்கு முகத்தில் சோப்புப் பூசிவிட்டுப் பத்திரிகையைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார்.

"'கணக்குப் பாடத்தில் மலர்ந்த காதல். மாடி அறையில் மன்மத லீலை. வாலிபரின் மனதைப் பறித்த ஆசிரியை...' போட்டாவப் பாருங்க, சினிமாக்காரி மாதிரி. வாலிபருக்கு என்னப்பா, அதிர்ஷ்டம்..."

வாசலில் பூட்டுக்காரர் நிற்பதைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். பத்திரிகையில் பேர் இல்லை. தெருவின் பேர் இருந்தது. மூன்று நாளாக அப்பனும் மகளும் எந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதும் சலூன்காரருக்குத் தெரியும். இரண்டையும் அவர் மனசு இப்போதுதான் சேர்த்தது.

"அந்த எழுத்தக் காட்டு" என்றார் பூட்டுக்காரர். விரலை வைத்து எழுத்துக்கூட்டினார். "வா... லி... பர்." நிமிர்ந்தார். "யாரு வாலிபன்?"

சலூன்காரர் கத்தியை எடுத்துத் துண்டில் துடைக்கத் தொடங்கினார்.

"நீதானேப்பா அவனுக்கு முடி வெட்டுற. சொல்லு. வாலிபனா?"

சோப்பு பூசியவர் கண்ணாடியில் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சலூன்காரர் கத்தியை மேசையில் வைத்தார். "அவன் கன்னத்துல இன்னும் என் கத்தி பட்டதில்லண்ணே. பலகை போட்டு உக்காத்திதான் போன வருஷம் வரைக்கும் வெட்டினேன்."

"வேன்காரன் சேதி வந்தப்ப அந்தப் பொண்ண என்னன்னு போட்டிருந்தான்? நீதான் வாசிச்ச."

"பிஞ்சுன்னு."

"வயசு?"

"பதிமூணு."

ஒரு பஸ் போனது. ஆணிகளில் சாவிகள் கிணுகிணுத்தன. சலூன்காரர் பத்திரிகையை மடித்தார். இன்னும் மடித்தார். அதற்கு மேல் மடிக்க முடியாதபோது அதைக் குப்பைக்கூடையில் முடியோடு முடியாகப் போட்டார். "நானும் சிரிச்சுட்டேன்ண்ணே" என்றார்.

"சிரிச்ச" என்றார் பூட்டுக்காரர். "வா என்கூட. ஸ்டேஷனுக்கு ஒரு ஆள் கூட இருக்கட்டும்."

கன்னத்தில் சோப்போடு இருந்தவரை அப்படியே விட்டுவிட்டு சலூன்காரர் கிளம்பினார்.

பூட்டுக்காரர் ஸ்டேஷனில் வாதம் எதுவும் செய்யவில்லை. முனை ஒடிந்த காம்பஸை இன்ஸ்பெக்டரின் மேசையில் வைத்தார். "இதோட மீதி அந்தக் கதவுல இருக்கு. வந்து ஒரு தடவ கண்ணால பாருங்க. பாத்துட்டு அப்புறமும் மனஸ்தாபம்னு எழுதுங்க, நான் கைநாட்டு வெச்சுட்டுப் போயிடறேன்."

மகளைப் பார்த்தோ, பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் இன்று புதிதாக உட்கார்ந்த சலூன்காரரைப் பார்த்தோ, இன்ஸ்பெக்டர் எழுந்தார்.

மாடி அறையில் டீச்சரும் நின்றாள். பிள்ளைகள் கிறுக்கும் என்று மறுபடி சொன்னாள். இன்ஸ்பெக்டர் டார்ச்சை அடித்துக் குனிந்தார். ஒரு கீறலை விரலால் தொட்டார். அடுத்ததை. முழங்காலை மடித்துத் தரையில் உட்கார்ந்து, கீழ்த் திருகாணியைச் சுற்றியிருந்த குழிக்கு நேராகத் தன் கண் வருகிற மாதிரி தலையைத் தாழ்த்தினார். ஒடிந்த முனையும் கையிலிருந்த காம்பஸும் ஒன்றோடு ஒன்று பொருந்தின. அவர் வெகுநேரம் எழவில்லை.

"விரும்பி வந்த வாலிபன் எதுக்கு சார் பூட்டச் சுரண்டணும்?" என்றார் பூட்டுக்காரர்.

ஏட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். அங்கே பார்ப்பதற்கு வெறும் சுவர்தான் இருந்தது.

"பூட்டக் கழட்டுங்க பெரியவரே. சாட்சிக்கு வேணும்."

"கழலாது. வெட்டணும்."

உளியையும் சுத்தியையும் எடுத்தார். வெளியே போகச் சொல்லாமலே டீச்சர் வெளியே போனாள். படிக்கட்டில் அவள் செருப்புச் சத்தம் அவசரமில்லாமல் இறங்கியது. முதல் அடியில் உளி மரத்துக்குள் இறங்கியது. நல்ல மரம். பூட்டைச் சுற்றி, கீறல்கள் எதுவும் போய்விடாமல், நான்கு பக்கமும் ஒரு சாண் விட்டு வெட்டினார். தன் கை வேலையைத் தானே வெட்டி எடுப்பது அவருக்கு இதுதான் முதல் தடவை. துண்டு பெயர்ந்து மடியில் விழுந்தபோது கதவில் ஒரு சதுர ஓட்டை. அதன் வழியாகக் கீழே கூடம் தெரிந்தது. பிள்ளைகள் இல்லை. பாய்கள் மட்டும் வரிசையாக விரித்துக் கிடந்தன.

இன்ஸ்பெக்டர் புதிதாக எழுதினார். இந்தத் தடவை மனஸ்தாபம் இல்லை. நடந்ததை நடந்தபடி, வயதைப் போட்டு, குழந்தை என்று எழுதினார். மகள் இரண்டு தடவை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். டீச்சரை அன்று மாலை அழைத்து வந்தார்கள். வந்ததும் மயக்கம் என்றாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கட்டிலில் படுக்க வைத்து, பக்கத்தில் ஒரு பெண் போலீஸை உட்கார வைத்தார்கள். வேன்காரனைக் காலில் செருப்பில்லாமல் இழுத்து வந்தது பூட்டுக்காரருக்கு ஞாபகம் இருந்தது. இழுத்து வந்ததைத் தப்பென்று அவர் அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை.

சலூன்காரர் பத்திரிகை ஆபீஸுக்கே போய்க் கேட்டுவிட்டு வந்தார். "அடுத்த சேதி வரும்போது பாக்கலாம்னாங்கண்ணே. இந்தத் தலைப்புக்குத்தான் நல்லா ஓடிச்சாம்."

மறுநாள் சாட்சிப்பொருளை ஒப்படைத்ததற்குக் கைநாட்டு வைக்கப் போனார். பேரனும் கூட வந்தான். உள்ளே வர மாட்டேன் என்று வாசலுக்கு வெளியே வெயிலில் நின்றுகொண்டான். அங்கிருந்து கதவு தெரியும்.

இன்ஸ்பெக்டர் அந்த மரத்துண்டைத் துணியில் சுற்றி, சீட்டு ஒட்டி, சுவரோரம் இருந்த இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார். "ஒரு பொண்ணுக்குன்னா எப்படிச் செய்வேனோ அப்படியே செய்றேன் பெரியவரே. நம்புங்க."

"கோர்ட்ல என்ன சொல்வாங்க?"

"நீதி நியாயம் இருக்குல்ல."

"சிரிக்க மாட்டாங்களே?"

இன்ஸ்பெக்டர் பதிலுக்கு மேசைமேலிருந்த தாள்களைத் தட்டி அடுக்கினார். "நம்பிக்கைதான் பெரியவரே எல்லாம்."

பூட்டுக்காரர் அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அது பூட்டியபோது ஒரே ஒரு சத்தம்தான் கேட்டது. இரண்டாவதுக்காக இன்னும் காத்துக்கொண்டிருந்தார். வரவில்லை. கொண்டை ஊசியை நுழைத்து ஒரு சின்னப் பிள்ளை திறந்துவிடும். சொல்லலாமா என்று வாயெடுத்தார். சொல்லி என்ன? நல்ல பூட்டாகப் போட்டுக் கொடுங்கள் என்பார்கள். அவர் ஏற்கெனவே ஒரு நல்ல பூட்டுப் போட்டுக் கொடுத்தவர்.

வெளியே வந்தார். பையன் அவர் பையைப் பார்த்தான்.

"உள்ள வெச்சுப் பூட்டிட்டாங்களா தாத்தா?"

"பூட்டிட்டாங்க."

"கழலுமா?"

"கழலும்டா" என்றார். பொய் சொல்லத் தோன்றவில்லை. "அதான் பயமா இருக்கு."

பையன் தலையாட்டினான். அவர்கள் வீட்டில் இப்போது எந்தக் கதவிலும் தாழ்ப்பாள் இல்லை. பூட்டுக்காரர் எதையும் திரும்ப முடுக்கவில்லை. மதியத்தில் கதவுகள் ஒரு விரல்கடை திறந்து மூடிக்கொண்டிருக்கும். அவர் அதைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார்.

"நம்பிக்கை வைங்க பெரியவரே" என்று இன்ஸ்பெக்டரின் குரல் உள்ளேயிருந்து இன்னொரு தடவை வந்தது.

அவர் திரும்பிப் பார்க்காமல், பையனை முன்னால் விட்டு, பின்னால் நடந்தார்.